தண்ணீர் ஒட்டாத நானோ பூச்சு: வாங்கும் முன் அறிவோம்

மழைக்காலம் வந்துவிட்டால் கைபேசி, காலணி, கார் கண்ணாடி என எல்லாவற்றுக்கும் 'நானோ கோட்டிங்' விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒருமுறை தெளித்தால் போதும், தண்ணீரே ஒட்டாது என்கிறார்கள். இது பித்தலாட்டம் அல்ல. ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு உண்மையும் அல்ல.

இதன் முன்மாதிரி நமக்கு நன்கு தெரிந்த தாமரை இலைதான். அதில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1997-ல் சக ஆய்வாளருடன் சேர்ந்து விளக்கினார். வழவழப்பாகத் தெரியும் அந்த இலை உண்மையில் கரடுமுரடானது. கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள். அவற்றின் மேல் அதைவிடப் பன்மடங்கு நுண்ணிய மெழுகுத் துகள்கள். இடையில் காற்று அடைபட்டு நிற்பதால், நீர்த்துளி நுனிகளை மட்டும் தொட்டு உருண்டையாகி ஓடிவிடுகிறது. ஓடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. சேற்றில் வளரும் இலையைச் சுத்தமாக வைக்க அல்லாஹ் செய்திருக்கும் ஏற்பாடு இது, சுப்ஹானல்லாஹ்!

இதே அமைப்பைத்தான் சிலிக்கா போன்ற நுண்துகள்களையும் நீரை விலக்கும் வேதிப்பொருளையும் கொண்டு தொழிற்சாலையில் உருவாக்குகிறார்கள். இலை தேய்ந்தால் மெழுகு மீண்டும் சுரக்கும். பூச்சு தேய்ந்தால் போனது போனதுதான். சோப்பு நீரிடமும் இது தோற்றுப்போகும். கைபேசியில் பூசினால் சாரலைத் தாங்கும், வாளியில் விழுந்தால் தாங்காது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபி67 தரத்துக்கு, பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்புகளே காரணம்.

நம் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2006-ல் ஜெர்மனியில், குளியலறையிலும் கண்ணாடியிலும் தெளிக்கும் இத்தகைய ஸ்ப்ரே ஒன்றால் ஏறத்தாழ 100 பேர் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. பிறகு சோதித்தபோது, பெயரில் நானோ இருந்த அந்த டப்பாவில் நானோ துகளே இல்லை! நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்ணிய தெளிப்புதான் சிக்கல். ஆகவே பூட்டிய அறையில், குழந்தைகள் அருகில் இருக்கும்போது தெளிக்கவே வேண்டாம். துணியில் தொட்டுத் தடவும் வகை கிடைத்தால் அதையே வாங்கலாம்.

புளோரின் கலந்த பூச்சுகளையும் தவிர்ப்பது நல்லது. அந்த வகை வேதிப்பொருட்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்று. பூசும்போது கையுறை அணியுங்கள். கையில் படிந்து தோலில் தண்ணீர் படாமல் தடுத்தால், அதை நீக்காமல் உளூ நிறைவேறாது.