தாமஸ் பிராசி: இருப்புப்பாதை ஒப்பந்தக்காரர் ஒருவரின் பொறுப்பு

இருப்புப்பாதை வரலாற்றைப் பயிலும்போது ஜார்ஜ் ஸ்டீவன்சன் போன்ற பொறியாளர்களின் பெயர்களையே நாம் முதலில் அறிகிறோம். பொறியாளர் வரைந்ததை மண்ணிலும் கல்லிலும் ஆக்கிக் காட்டியவர் ஒப்பந்தக்காரர். குறித்த விலைக்குக் குறித்த நாளுக்குள் பாதையை முடித்துத் தருவதாக அவர் கையெழுத்திடுவார். நட்டம் வரின் அது அவரையே சாரும். 19ஆம் நூற்றாண்டில் இத்தொழிலில் ஓங்கி நின்றவர் இங்கிலாந்தின் தாமஸ் பிராசி. 1847 அளவில் பிரித்தானிய இருப்புப்பாதைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அவர் அமைத்தவை என்பர்.

1805இல் செஷயரில் பிறந்த பிராசி, நில அளவையாளர் ஒருவரிடம் தொழில் பயின்றார். டட்டன் பாலத்திற்கு அவர் அளித்த விலைப்புள்ளி ஏற்கப்படவில்லை. குறைந்த விலை கூறிய வில்லியம் மெக்கன்சி அப்பணியைப் பெற்றார். 1835இல் பென்க்ரிட்ஜ் பாலமும் அதனை ஒட்டிய 10 மைல் பாதையும் பிராசிக்குக் கிடைத்தன. பின்னர் அதே மெக்கன்சியுடன் கூட்டுச் சேர்ந்து, பிரான்சில் பாரிஸ்–ரூவன் பாதையை 1843இல் முடித்தார்.

அப்பாதையை லெ ஹாவ்ர் துறைமுகம் வரை நீட்டியபோதுதான் சோதனை வந்தது. பாரன்டன் ஊரருகே 27 வளைவுகளுடன், ஏறத்தாழ 100 அடி உயரத்தில் எழுந்த செங்கற்பாலம், 1846 ஜனவரியில் பெருமழைக்குப்பின் இடிந்து வீழ்ந்தது. காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் சாந்துக்குரிய சுண்ணாம்பை அவ்வட்டாரத்திலேயே பெறவேண்டும் என்பது ஒப்பந்த விதி. அவ்விதியைக் காட்டி வழக்காடப் பிராசிக்கு இடமிருந்தது. அவர் வழக்காடவில்லை. தாமே தேர்ந்த சுண்ணாம்பைக் கொண்டு, சொந்தச் செலவில் பாலத்தை மீண்டும் எழுப்பினார். 1847இல் பாதை திறக்கப்பட்டது. இதனை அறம் என்பதா, வணிக அறிவு என்பதா? இரண்டையும் பிரித்தல் அரிது என்றே நாம் கருதுகிறோம். வழக்கு நீண்டிருப்பின் பாதையின் திறப்பும் தள்ளிப்போயிருக்கும். அடுத்த ஒப்பந்தத்தைத் தருவோர் அதனையும் எண்ணிப் பார்த்திருப்பர்.

தம் கீழ்ப் பணிசெய்தோரிடமும் அவர் ஒப்பந்த எழுத்தை இறுகப் பற்றியவரல்லர். பாதையைப் பகுதி பகுதியாகத் துணை ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைப்பார். மண் என எண்ணி விலை பேசிய இடத்தில் பாறை தட்டுப்பட்டால், நேரில் சென்று பார்த்து விலையை உயர்த்தித் தருவார்.

1866இல் ஓவரெண்ட் கர்னி என்னும் இலண்டன் நிதி நிறுவனம் வீழ்ந்தது. அந்நெருக்கடியில் பிராசியின் கூட்டாளிகளான பீட்டோவும் பெட்ஸும் நொடித்துப் போயினர், பிராசி தாக்குப்பிடித்தார். 1870இல் அவர் மறைந்தார். பாரன்டன் பாலத்தின்மேல் இன்றும் தொடர்வண்டிகள் ஓடுகின்றன.