ஒரே பந்தியில் பிறந்த நீதி

கிறித்தவ ஆலயங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ‘தேவநீதி’. கத்தோலிக்கர் ‘இறைநீதி’ என்பார்கள். பிரசங்கத்தில் இச்சொல் வந்ததும் பலர் மனத்தில் எழுவது ஒரு நீதிமன்றம்தான். மேலே நீதிபதியாகக் கடவுள், கீழே கூண்டில் நாம், நடுவில் பாவக் கணக்கு. விவிலியம் இச்சொல்லை ஆளும் விதமோ இதைவிட விரிந்தது. அந்த விரிவு கொங்கு நாட்டுத் தலித் கிறித்தவர்களின் அன்றாட வாழ்வோடு தொடர்புடையது.

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயத்தில் நீதியைக் குறிக்க இரண்டு சொற்கள் சேர்ந்து வரும். ‘மிஷ்பாத்’ என்றால் தீர்ப்பு. ‘செதாக்கா’ என்றால் உறவில் நேர்மை, கெட்டுப்போன உறவைச் சீர்செய்யும் செயல். எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த மக்களைக் கடவுள் மீட்டது போன்ற செயல்களையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். பிற்காலத்தில் யூதர்கள் ஏழைக்குக் கொடுப்பதற்கும் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தருமம் அல்ல, கடமை.

தமிழில் நீதி என்றால் தராசு நினைவுக்கு வரும். நடுவுநிலைமைக்கு வள்ளுவரும் துலாக்கோலையே உவமை சொல்கிறார். எப்பக்கமும் சாயாதது நீதி. சரி, ஒரு தட்டில் தலைமுறை தலைமுறையாகக் கல்லை ஏற்றி வைத்திருந்தால்? அந்தத் தராசைத் தொடாமல் விடுவது நடுநிலை ஆகாது. கல்லை இறக்கினால்தான் கோல் நேராகும். ஒடுக்கப்பட்டவர் பக்கம் கடவுள் நிற்கிறார் என்று தீர்க்கதரிசிகள் சொன்னது இந்தப் பொருளில்தான்.

அவர்களில் ஒருவரான ஆமோஸ் ஆடுமாடு மேய்த்தவர். ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறார்களே என்று கொதித்தவர். நீதி இல்லாத இடத்தில் நடக்கும் திருவிழாவையும் பாட்டையும் கடவுள் வெறுக்கிறார் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். செருப்பு என்றதும் நம் மண்ணின் அருந்ததியர் நினைவுக்கு வராமல் போவதில்லை. கொங்குக் கிணறுகளில் கவலை ஓட்டிய காலத்தில் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம்; அவர்கள் கை அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்றார்கள்.

புதிய ஏற்பாட்டில் இறைநீதியைப் பற்றி அதிகம் எழுதியவர் பவுல். ரோமருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த மார்ட்டின் லூதர், இறைநீதி என்பது தண்டிக்கும் நீதி மட்டுமல்ல, தகுதி பாராமல் கிடைக்கும் கொடை என்று கண்டார். இதையொட்டி ஐரோப்பியத் திருச்சபை பிளந்தது. 1999 அக்டோபர் 31-இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஆக்ஸ்பர்க் நகரில் இதுபற்றிப் பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பாவம் செய்தவனுக்கு எப்படி மன்னிப்பு கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. பாவம் இழைக்கப்பட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்பது சேரியின் கேள்வி. 1980-களில் இந்தியாவில் உருவான தலித் இறையியல் இந்த இரண்டாம் கேள்வியைக் கையில் எடுத்தது.

இரண்டாம் கேள்விக்கான விடையும் பவுலிடமே இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு சாப்பாட்டுச் சண்டையைச் சொல்கிறார். அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாதாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். மனிதர் விசுவாசத்தால்தான் நீதிமான் ஆகிறார், சட்டதிட்டங்களால் அல்ல என்னும் கொள்கையை அந்தக் கடிதத்தில் இதைத் தொட்டே விளக்குகிறார். பிறப்பால் யாரும் தீட்டு இல்லை என்றால் பந்தியைப் பிரிக்க யாருக்கும் உரிமை இல்லை. இறைநீதிக் கொள்கை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். ‘பறட்டை’ என்று மாணவர்கள் அறிந்த அவர், ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்து உண்பதை இறையியலாகவே சொன்னார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

நம் கோவைக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றவர் மரியோன் பிரெசியாக். சாதி வழக்கங்களைத் திருச்சபை எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி அவர் மனசாட்சியை உறுத்தியது. ரோமிடம் தெளிவு கேட்டார். 1855-இல் பொறுப்பிலிருந்து விலகினார். இந்தக் கேள்வியும் அதற்கு ஒரு காரணம். ஆயர் போய்விட்டார், கேள்வி இன்னும் இங்கேயே நிற்கிறது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், கிறித்தவருக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாக வலியுறுத்த வேண்டியிருந்தது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

திருச்சபை ஒப்புக்கொண்டதைச் சட்டம் ஏற்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கல்லறையைக் காட்டலாம். சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தில் உண்டு. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செத்த உடலுக்குச் சாதி பார்க்கிறார்கள். அந்தக் கல்லறைச் சுவர் தேவநீதிக்கு எதிரான சாட்சி. மூன்றாம் பத்திக்கு எதிரான சாட்சியும் அதுவே.

இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடிய மண் இது. தேநீர்க் கடைக்காரரிடம் கேட்ட கேள்வியை ஆலயத்திலும் கேட்பதில் தவறில்லை. படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் ஆலயத்தில் நான்கு காரியங்களைக் கவனிக்கட்டும்: திருவிழா விருந்தில் யார் சமைக்கிறார்கள், யார் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள், தேர் எந்தத் தெரு வரை வருகிறது, யாரை எங்கே புதைக்கிறார்கள். பார்த்ததை ஊர், தேதியோடு எழுதி வைக்கட்டும். ஆணையத்துக்கும் அது தேவை, ஆயருக்கும் தேவை.