கிரீன் கார்டுக்குக் கட்டிய பணம்

2005 ஆகஸ்டில் வீசிய கத்ரீனா புயலில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் துரப்பண மேடைகள் பல சிதைந்தன. செப்பனிட வெல்டர்களும் பைப் பிட்டர்களும் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். டெக்சாஸின் ஆரஞ்சு நகரிலும் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவிலும் தளங்கள் வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம், 2006 கடைசியிலிருந்து இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 500 பேரை வரவழைத்தது. தமிழர்களும் மலையாளிகளும் அவர்களில் இருந்தார்கள். பலர் அரபு நாடுகளில் வேலை பார்த்துக் கைதேர்ந்தவர்கள்.

கிரீன் கார்டு கிடைக்கும், குடும்பத்தோடு குடியேறலாம் என்று ஏஜென்டுகள் ஆசை காட்டினார்கள். ஆளுக்கு 10,000 முதல் 20,000 டாலர் வரை வாங்கினார்கள். நிலத்தை விற்றுக் கட்டியவர்கள் உண்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. கைக்கு வந்ததோ எச்-2பி என்னும் தற்காலிக விசா. அழைத்து வந்த முதலாளியிடம் மட்டுமே அதை வைத்து வேலை செய்யலாம்.

வேலையை விட்டால் விசா போகும். விசா போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் கடன்காரர் காத்திருக்கிறார். நிறுவனம் அவர்களைத் தங்கவைத்த கேம்பின் வாசலில் நின்ற காவலர்களைவிட இந்தக் கணக்குதான் அவர்களைக் கட்டிப்போட்டது.

அங்கே ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை அடைக்கப்பட்டார்கள். இந்த லட்சணத்துக்கு நாளொன்றுக்கு 35 டாலர் பிடித்தம், மாதம் 1,050! வெளியே வாடகைக்குப் போனாலும் பிடித்தம் நிற்காது. 2007 மார்ச்சில், பாஸ்ககூலாவில் எதிர்த்துப் பேசியவர்களை விடியுமுன் பிடித்துவைத்து ஊருக்கு அனுப்ப நிறுவனம் முனைந்தது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்.

மறு ஆண்டு மார்ச்சில் சுமார் 100 பேர் தலைக்கவசங்களை வாசலில் வீசிவிட்டு வெளியேறினார்கள். வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். எல்லோருக்குமாக ஒரே வழக்கு நடத்த நீதிமன்றம் 2012இல் மறுத்ததால் வழக்குகள் பல துண்டுகளாயின. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி, ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. நிறுவனம் ஜூலையில் திவால் மனு போட்டது. மீதி வழக்குகளையும் சேர்த்து 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, மன்னிப்பும் கேட்டது. நீதிக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. கடனுக்கான வட்டி அதுவரை பொறுத்திருக்குமா?

முதலாளியோடு விசாவைப் பிணைக்கும் முறை இன்றும் மாறவில்லை. கலிபோர்னியாவின் பே ஏரியாவில் எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளருக்கும் வேலை போனால் 60 நாள் அவகாசம்தான். ஆனால் ஆள்சேர்ப்புக்காக எச்-2பி தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது இப்போது விதிமீறல். பாஸ்போர்ட்டை முதலாளி பறித்துவைக்க முடியாது என்பதையும், உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் அமெரிக்கத் தூதரகம் விசா நேர்காணலில் தரும் உரிமைக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். விமானம் ஏறுமுன் அதைப் படித்துவிட வேண்டும்.