கூப்பிட்டால் வரும் டிபக்கர்

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் போலீசார் கூட்டத்தை வெளியேற்றிவிடுவார்கள். அருவிக்கு அடியில் நிற்பவருக்கு வெள்ளம் ஏறுவது தெரியாது. தள்ளி நிற்பவருக்குத்தான் தெரியும். டிபக்கர் என்ற கருவி, தான் கவனிக்கும் புரோகிராமுக்கு வெளியே தனி ஆளாக இருப்பதும் இதற்காகத்தான்.

தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: கோடு எழுதும் நேரத்தைவிடப் பிழை தேடும் நேரம்தான் அதிகம். அதற்கான கருவி டிபக்கர். ஓடும் புரோகிராமை நினைத்த வரியில் நிறுத்தி, உள்ளே எந்த மாறியில் என்ன மதிப்பு என்று காட்டும். நிறுத்தும் வித்தை எளியது. இன்டெல் வகைச் சிப்பில், நிற்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 204 என்ற எண்ணை வைத்துவிடும். சிப் அதைத் தொட்டதும் நிற்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் டிபக்கருக்குத் தகவல் சொல்லும்.

புரோகிராம் நிற்கும்போது டிபக்கரும் அதற்குள்ளேயே இருந்தால் இரண்டும் சேர்ந்து உறைந்துவிடும். பைத்தானின் டிபக்கரான பிடிபி உள்ளேயேதான் ஓடுகிறது, உண்மை. ஆனால் பைத்தானை ஓட்டும் இன்டர்பிரட்டரே விழுந்தால் பிடிபியும் கூடவே விழும்.

சில பிழைகள் எப்போதோ ஒருமுறைதான் தலைகாட்டும். அதுவரை டிபக்கரைத் திறந்துவைத்துக் காத்திருக்க யாரால் முடியும்? சிக்கல் வந்ததும் புரோகிராமே டிபக்கரைக் கூப்பிடட்டும். விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் 'ஏஇடிபக்' என்ற இடத்தில் டிபக்கரின் பெயரை எழுதிவைத்தால், புரோகிராம் விழும் நொடியில் அதன் பிராசஸ் எண்ணோடு டிபக்கர் கிளம்பும். ஜாவாவில், யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் வந்தால் இன்ன கருவியைக் கிளப்பு என்று தொடங்கும்போதே சொல்லிவைக்கலாம்.

லினக்ஸில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். 2010இல் வந்த உபுண்டு லினக்ஸ் 10.10 முதல், பெற்ற பிராசஸ் (ஓடும் புரோகிராம்) தன் பிள்ளையைக் கண்காணிக்கலாம். பிள்ளை பெற்றவரைக் கண்காணிக்க முடியாது. புரோகிராம் கிளப்பிய டிபக்கரோ அதன் பிள்ளை! 'அனுமதி இல்லை' என்று லினக்ஸ் டிபக்கரான ஜிடிபி கைவிரிக்கும். 'இந்த எண்ணுள்ள பிராசஸ் என்னைப் பார்க்கலாம்' என்று பிஆர்சிடிஎல் அழைப்பில் புரோகிராமே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமான கெடுபிடிதான், டிபக்கர் பார்க்கும் நினைவகத்தில் பாஸ்வேர்டும் இருக்கும் அல்லவா?

வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் டிபக்கரைக் கூப்பிடும் இந்த வேலையே வேண்டாம் என்பேன். ஜாவாவின் டிபக் போர்ட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது; நெட்வொர்க்கில் திறந்திருந்தால் எட்டிப்பிடித்தவர் எதையும் ஓட்டலாம். அங்கே விழுந்த கணத்தின் நினைவகத்தைக் கோர் டம்ப்பாகச் சேமித்துவிட்டு சர்வரை மறுபடி ஓடவிட்டால் போதும். டம்ப்பை அலுவலகத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.