கடல்மீனின் குடிமாற்றம்: அபாயமும் உரிமையும் பரிகாரமும்

மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்து கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. மலைச்சரக்கு கடலுக்குப் போன அந்த வழியில், இன்று கடல்ஜீவனைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து மலையடிவாரக் குரங்கணிக்குக் கொண்டுவந்து, வீட்டிலோ தங்கும் விடுதியிலோ வளர்க்க ஆசைப்படுவோர் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். 1909ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச் சாலை திறந்தவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கோ ஆற்றுஜலமும், கடையில் வாங்கிய உப்பும், நம்முடைய பொறுமையுமே மூலதனம். ஆகையால், சிறு தொட்டியில் வளர்ந்த மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது என்பது, ஓர் உயிரை ஒரு செயற்கைக் கடலிலிருந்து மற்றொன்றிற்குக் குடியேற்றுவதேயாகும்.

இடம் விசாலமானால் மீனுக்குச் சுகம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் புதிய தொட்டியின் பளிங்கு போன்ற நீரில்தான் பெரும் அபாயம் ஒளிந்திருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா என்னும் விஷத்தை நைட்ரைட்டாகவும், அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்ற நுண்ணுயிர்கள், பழைய தொட்டியின் கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கின்றனவே அன்றி, புதுக் கண்ணாடியில் இல்லை. அவை தாமாகப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அவசரப்படுவோர் கண்டுகொள்ளாத பரிகாரம் மிக எளிது: பழைய பஞ்சிலும் கற்களிலும் ஒரு பகுதியை உலரவிடாமல், பழைய நீரிலேயே நனைத்து எடுத்துப் புதிய தொட்டியில் வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாகக் காட்டிய பின்னரே மீனை விடவேண்டும். பழைய மணலைக் கிளறிக் கொட்டுவது கூடாது. அடியில் தேங்கிய அழுக்கும் நச்சுவாயுவும் அதனோடு எழும்பிவிடும்.

கடல்மீன் ஓயாமல் நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றி உயிர்வாழும் சுபாவம் உடையதாதலால், உப்பின் அளவு சட்டென மாறுவதை அது தாங்காது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அதாவது ஒப்படர்த்தி 1.025 என்பது கடலின் கணக்கு. நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியின் 250 லிட்டர் நீருக்கு உப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்பது கிலோ வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது; மீன் தொட்டிக்கென விற்கும் கடலுப்பையே, மீன் இல்லாத பாத்திரத்தில் முதல்நாளே கரைத்து வைக்கவேண்டும். மார்கழிக் குளிரிலும் வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள் நிற்கவேண்டும். இரு தொட்டிகளின் உப்பையும் வெப்பத்தையும் சமப்படுத்திய பின், மீன் இருக்கும் வாளியில் புதுநீரைச் சொட்டுச் சொட்டாக ஒருமணி நேரம் சேர்த்து, விளக்கை அணைத்து மீனை விடுவதே முறை. சண்டைக்கார மீனைக் கடைசியில் விடுவது விவேகம்.

ஏலத்தோட்டங்களுக்கு நடுவே வாழ்வோருக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. அழுகல் நோய்க்கு அடிக்கப்படும் போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் செம்புச்சத்து உடையது; அது சிறிதளவு நீரில் கலந்தாலும் தொட்டியிலுள்ள இறால் முதலிய ஜீவன்கள் மடியும். ஆகவே ஓடைநீரை அப்படியே ஊற்றாமல், ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்தே பயன்படுத்தவேண்டும். மருந்தடிக்கும் நாளில் ஜன்னல்களைச் சாத்தவேண்டும். மாற்றியெடுத்த உப்புநீரைச் செடிக்கு ஊற்றினால் மண் கெடும். ஈரக்கை மின்கசிவில் பட்டால் உயிருக்கே ஆபத்தாதலால், கசிவைக் கண்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அவசியம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். பெரிய தொட்டியை அலங்கரிக்கப் பவளப்பாறையும் கடற்குதிரையும் தேடுவோர், அவை 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பதை அறியவேண்டும். அவற்றைப் பிடிப்பது மட்டுமன்றி, விற்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986 முதல் தேசியப் பூங்காவாதலால், அங்கே மீன் பிடித்து வருவதும் ஆகாது. கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்க, பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குவதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள், அல்லது காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். ஒழுகும் தொட்டிக்கும், பொய் சொல்லி விற்ற மீனுக்கும் முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பயனில்லையேல் 1915 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கடை எந்த ஊரில் இருப்பினும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழியுண்டு; கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. ஆனால், மீன் இறந்தது விற்றவர் குறையாலா, நம் நீரின் குறையாலா என்னும் கேள்வி அங்கே எழும். அன்றாடம் உப்பு, வெப்பம், அம்மோனியா ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்த நோட்டும், ரசீதும், புகைப்படமும் இருந்தால் அன்றி அதற்கு விடையளிக்க இயலாது.

ஆகையால், பெரிய தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அதில் ஆறு வாரக் கணக்கு நிரம்பும்வரை மீனைப் பழைய தொட்டியிலேயே இருக்கவிடுங்கள்.