தின்பதெல்லாம் எங்கே போகிறது?

"என்ன தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க." ஈரோட்டில் ஜிம்முக்குப் புதிதாக வரும் ஒல்லிப் பையனிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இதுதான். வீட்டில் அம்மாவும் ஆமாம் போடுவார்: "அவங்கப்பாவும் இந்த வயசுல இப்படித்தான் இருந்தாருங்க. அது உடம்புவாகு." இதில் பாதி உண்மை, பாதி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. டீ வரட்டும், அதற்குள் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உண்மையான பாதி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் ஒரு சோதனை செய்து 1999இல் வெளியிட்டார்கள். குண்டாக இல்லாத 16 பேருக்கு, அவரவர் தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கால் கிலோவுக்குச் சற்று மேல் அரிசியைப் பொங்கித் தின்பதற்குச் சமம் அது. எட்டு வாரம் இப்படி ஊட்டிய பிறகு பார்த்தால், ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 4.23 கிலோ, இன்னொருவருக்கு வெறும் 0.36 கிலோ. ஒரே அளவு சாப்பாட்டுக்கு இவ்வளவு வித்தியாசம்.

மீதி எங்கே போனது? செரிக்காமல் போய்விடவில்லை. சிலருக்கு உணவு கூடக்கூட, அவர்கள் அறியாமலே அசைவும் கூடியது. காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது, ஓரிடத்தில் உட்காராமல் இருப்பது என்று சிறுசிறு அசைவுகளிலேயே ஒருவர் ஒரு நாளைக்கு 692 கலோரி வரை கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். 'துறுதுறுன்னு இருக்கான்' என்று நாம் சொல்லும் பையன்கள் இந்த வகை. உடம்புவாகு என்று அம்மா சொல்வது பொய்யில்லை.

ஆனால் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 692 என்பது 1,000 இல்லை. அதிகம் செலவழித்தவருக்கும் மிச்சம் இருந்தது. மிகக் குறைவாகக் கொழுப்பு கூடியவருக்கும் கொஞ்சமாவது கூடியது. உண்மையிலேயே தேவைக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாமல் போகாது. அப்படியானால் 'நிறைய' சாப்பிடுகிறேன் என்கிறவர் எங்கே தவறுகிறார்? ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனோடு மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டது அவருக்கு நினைவிருக்கும். திங்கட்கிழமை காலையில் பசிக்காமல் டீயும் வர்க்கியுமாக ஓட்டியது நினைவிருக்காது. உடம்பு வாரக் கணக்கில்தான் கூட்டிக் கழிக்கிறது. ஒரு வாரம் உள்ளே போவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினால் தெரிந்துவிடும். எழுத அலுத்துக்கொள்ளாத ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை; எழுதிப் பார்த்தவர்கள் 'உடம்புவாகு' என்று மறுபடி சொன்னதுமில்லை.

தொடங்குகிறவருக்குத் தினமும் 300, 400 கலோரி கூடினால் போதும். ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் மூன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். பாலில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். வயிறு கொள்ளாதவர்கள் தட்டில் சோற்றை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். இடையில் ஒரு வேளை சேர்த்துக்கொள்வதும், அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய்யைத் தாராளமாக விடுவதும் சுலபம்.

சரி, எடை ஏறுகிறது. அது தசையாகுமா? இங்கே நம்மூர் தறிப்பட்டறையை நினைத்துக்கொள்வோம். தறி ஓட கரண்ட் வேண்டும், நெய்ய நூல் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்டர் வேண்டும். சோறும் எண்ணெயும் கரண்ட்; பருப்பு, முட்டை, பால் தரும் புரதம் நூல்; உடற்பயிற்சிதான் ஆர்டர். ஆர்டர் இல்லாமல் சரக்கை இறக்கினால் அது துணியாகாது, குடோனில்தான் அடையும். உடம்புக்குக் குடோன் தொப்பை. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் வரும் ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோமே, அதுதான்.

நம் நாட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே ஒப்பிட்டு 2004இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். தராசு முள் மட்டும் ஏறினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

ஆர்டர் எப்படிக் கொடுப்பது? கோவைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. தேவர் பிலிம்ஸ் முதலாளி ஆவதற்கு வெகுகாலம் முன்பு, மில்லில் வேலை பார்த்த சின்னப்பா தேவர் நண்பர்களோடு சேர்ந்து வீர மாருதி தேகப்பயிற்சி சாலை நடத்தினார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'சாண்டோ', ஜெர்மானிய பலசாலி யூஜின் சாண்டோவிடமிருந்து வந்தது. 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து போனவர் அந்த சாண்டோ. சிறுவயதில் தான் நோஞ்சானாக இருந்ததாகத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டவர். வியாபாரத்துக்காக ஊதிச் சொல்லியும் இருக்கலாம். ஆனால் எடையைச் சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே போவது என்ற அந்தக் காலத்து வழி இன்றுவரை மாறவில்லை.

தசைக்குப் பழகிவிட்ட சுமையால் அது வளராது. இன்று எட்டுத் தண்டால் என்றால் அடுத்த வாரம் பத்து. பஸ்கி இருபது சுலபமாகிவிட்டால் கையில் எடை. வாரம் மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது என்று உடம்பு முழுவதும் வேலை செய்யும் பயிற்சிகளாக இருக்கட்டும். கண்ணாடி முன்னால் நின்று கைக்கு மட்டும் டம்பெல் ஆட்டுவது புதியவர்களின் பொழுதுபோக்கு. தசை நெய்யப்படுவது பயிற்சிக்குப் பிந்தைய ஓரிரு நாட்களில். அதனால் இடையில் ஓய்வும், இரவில் ஏழெட்டு மணி நேரத் தூக்கமும் கணக்கில் சேரும்.

ஒரு நாளைக்குப் புரதம் எவ்வளவு? ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரை என்பது ஆய்வுகள் காட்டும் அளவு. 52 கிலோ பையனுக்கு 83 கிராம். மூன்று நாமக்கல் முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, வேகவைக்கும் முன் அதே அளவு எடையுள்ள கொள்ளிலோ பருப்பிலோ 11, மூன்று வேளை அரிசியில் 20. கொஞ்சம் சுண்டலோ கறியோ சேர்த்தால் முடிந்தது. டப்பாப் பவுடர் விஷமில்லை. அதில் ஒரு கரண்டி, நான்கு முட்டைக்குச் சமம், அவ்வளவுதான். பெயர் தெரியாத 'எடை கூட்டும்' லேகியம், பசி மாத்திரை மட்டும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்புவதைச் சதை என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் சில வாரங்களில் பலம் கூடும், உருவம் மாறாது. நரம்புகள் இருக்கிற தசையை வேலை வாங்கப் பழகும் காலம் அது. இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறினால் நல்ல வேகம். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர்க் கணக்கு குழப்பும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எடை ஏறாமல் இருப்பது வேறு, இருந்த எடை காரணமில்லாமல் குறைவது வேறு. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அடிக்கடி தாகம் எடுத்தால், ஜிம்முக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றையும் சோதித்துவிடலாம். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.