பூட்டு யாருடையது? கேட்டுவிட்டுப் பூட்டுங்கள்



சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் நம் பகுதிச் சகோதரர். இங்கே அவருடைய மனைவிக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் அறிக்கை, மருத்துவமனை மதிப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் நாங்கள் சொல்லியிருந்தபடியே குறியாக்கம் செய்து, அதாவது பூட்டி, அனுப்பியிருந்தார்.

எங்களால் அதைத் திறக்க முடியவில்லை. கப்பல் நடுக்கடலில் இருந்ததால் அவரைப் பிடிக்கவும் முடியவில்லை. நான்கு நாட்கள் போயின. பிறகு அவருடைய மைத்துனர் காகிதங்களைத் தேடி எடுத்து அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். அல்ஹம்துலில்லாஹ், பணம் கட்டப்பட்டது. சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த நான்கு நாட்கள் அந்தக் குடும்பம் பட்ட கவலைக்குக் காரணம் அந்தச் சகோதரர் அல்ல. தவறு எங்களுடையது. அது என்ன தவறு, இனி நாங்களும் நீங்களும் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஏன் பூட்ட வேண்டும்?

நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சகோதரியின் நோய், ஒரு வீட்டின் கடன், தாயும் தந்தையும் பிரிந்த ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு, ஆதார் நகல், வங்கிப் புத்தகம். இவை எல்லாம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சாதாரண மின்னஞ்சலில் அனுப்பினால், மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வரில் இவை படிக்கக்கூடிய நிலையிலேயே கிடக்கும். யாராவது நம் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டால் பல ஆண்டுகளின் மனுக்களை ஒரே இரவில் படித்துவிடலாம். கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள் நேரில் வர முடியாது என்பதால்தான் பூட்டி அனுப்பும் முறையைத் தொடங்கினோம்.

பூட்டு ஒன்று, சாவி ஒன்று

திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பூட்டு ஒன்றை உங்களிடம் கொடுத்துவிட்டு, அதன் சாவியை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் உங்கள் காகிதங்களைப் பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்பலாம். பூட்டிய பிறகு உங்களாலேயே அதைத் திறக்க முடியாது. சாவி வைத்திருக்கும் நாங்கள் மட்டுமே திறக்க முடியும்.

கணினியில் அந்தத் திறந்த பூட்டுக்குப் பெயர் பொதுச் சாவி. திறப்பதற்கான சாவிக்குப் பெயர் தனிச் சாவி. பொதுச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்; அதனால் ஒரு கெடுதியும் இல்லை. தனிச் சாவியை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது.

ரகசிய எழுத்து நமக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, மறைத்து எழுதிய கடிதங்களை எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து அவிழ்க்கும் வழியை எழுதி வைத்தார். ஆனால் அக்காலம் முதல் ஒரு சிக்கல் இருந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே சாவியை முன்கூட்டியே ரகசியமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1976இல் அமெரிக்காவின் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் பொதுச் சாவி என்ற யோசனையை வெளியிட்ட பிறகே அதற்கு வழி பிறந்தது. 1991இல் ஃபில் சிம்மர்மன் என்பவர் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். சாதாரண மக்களும் தங்கள் மின்னஞ்சலைப் பூட்டி அனுப்ப அது உதவியது. இன்று நாங்கள் பயன்படுத்துவதும் அந்த வழியில் வந்த முறைதான்.

சாவி சர்வர் என்பது என்ன?

துபாயில் இருப்பவருக்கு எங்கள் பொதுச் சாவி எப்படிக் கிடைக்கும்? அதற்காகவே இணையத்தில் சாவி சர்வர்கள் இருக்கின்றன. நாங்கள் எங்கள் பொதுச் சாவியை அங்கே ஏற்றி வைக்கிறோம். நீங்கள் எங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துத் தேடி, அதை எடுத்துக்கொள்கிறீர்கள். தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்களில் இந்தத் தேடும் வசதி உள்ளேயே இருக்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய வகை சாவி சர்வர்கள் பள்ளிவாசல் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை போன்றவை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிட்டுப் போகலாம். ஒட்டியவர் யார் என்று பலகை கேட்பதில்லை. அதைவிட, ஒட்டியதைக் கிழிக்கவும் முடியாது. ஒரு சர்வரில் ஏற்றிய சாவியை மற்ற சர்வர்களும் நகல் எடுத்துக்கொள்ளும், எதுவும் நீக்கப்படாது. அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒருவரின் சாவியை மறைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி அமைத்தார்கள்.

அதன் பலனையும் உலகம் பார்த்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரில் ஒரு போலிச் சாவி இந்த சர்வர்களில் இருப்பது 2016இல் தெரியவந்தது. சாவியின் அடையாள எண்ணில் கடைசி 8 எழுத்துகளை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அசலும் போலியும் ஒன்றாகவே தெரியும்படி அது செய்யப்பட்டிருந்தது. 2019இல் இத்துறையில் உழைத்துவந்த ஒருவரின் சாவியின்மீது யாரோ சுமார் 1,50,000 குப்பைக் கையொப்பங்களை ஏற்றிவிட்டார்கள். அந்தச் சாவியை இறக்கியவர்களின் மென்பொருள் திணறி நின்றது.

அதே 2019இல் கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க் என்ற புதிய சர்வர் வந்தது. சாவியில் உள்ள முகவரிக்கு அது முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அந்த முகவரிக்காரர் ஒப்புக்கொண்டால்தான் அந்த முகவரியைத் தேடுகிறவர்களுக்குச் சாவியைக் காட்டும். விரும்பினால் முகவரியை நீக்கிவிடவும் முடியும். இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் அந்த முகவரியைத் திறக்க முடிந்தவர் ஒப்புக்கொண்டார் என்பது மட்டுமே இதனால் உறுதியாகும். அவர் உண்மையிலேயே நம் அறக்கட்டளைதானா என்பதை எந்த சர்வரும் சொல்லாது.

நாங்கள் செய்த தவறு

2021இல் நம்மிடம் தன்னார்வலராக இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், அலுவலகக் கணினியில் அறக்கட்டளைக்கு ஒரு சாவி உருவாக்கி, அதன் பொதுப் பாதியைப் பழைய வகை சர்வரில் ஏற்றினார். ஆர்வத்தோடு செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குக் காலாவதி தேதி போடவில்லை. ரத்துச் சான்றும் எடுத்து வைக்கவில்லை. சாவி தொலைந்தாலோ திருடு போனாலோ, 'இது இனி செல்லாது' என்று சர்வருக்கு அறிவிக்க உதவும் சிறு கோப்புதான் ரத்துச் சான்று. இவற்றையெல்லாம் கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. வடசென்னையில் அந்தத் தண்ணீரைப் பார்க்காத வீடு குறைவு. எங்கள் அலுவலகத்தில் தரையில் இருந்த கணினியும் மூழ்கியது. தனிச் சாவி அதோடு போயிற்று. வேறு நகல் இல்லை.

பிறகு புதிய சாவி செய்தோம். ஆனால் பழைய பொதுச் சாவி சர்வரில் அப்படியே கிடக்கிறது. தனிச் சாவியும் இல்லை, ரத்துச் சான்றும் இல்லை என்பதால் எங்களாலேயே அதை ரத்து செய்ய முடியாது. கப்பலில் இருந்த சகோதரர் தேடியபோது அவர் கையில் அகப்பட்டது அந்தப் பழைய சாவிதான். திறக்க ஆளில்லாத பூட்டைப் போட்டு, தன் மனைவியின் காகிதங்களை அவர் அனுப்பியிருக்கிறார்.

இதை நினைக்கும்போது ஒரு மோதிரம் எங்கள் நினைவுக்கு வருகிறது. பிற நாட்டு மன்னர்கள் முத்திரை இல்லாத கடிதத்தை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்று செய்து அதில் முத்திரை வாசகத்தைப் பொறிக்கச் செய்தார்கள். அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரிடம் அது இருந்தது. உஸ்மான் (ரலி) காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் நீரை இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. முத்திரை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதும், எத்தனை கவனமானவர் கையிலிருந்தும் அது தவறிவிடலாம் என்பதும் இதில் நமக்குப் பாடம். தவறிப்போகலாம் என்று முன்பே எண்ணி ஏற்பாடு செய்யாதது எங்கள் குறை.

துறைமுகத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

ராயபுரம், மண்ணடி பக்கம் சுங்க ஏஜென்சி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது வேறு உருவத்தில் பழக்கம்தான். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஆவணங்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் போடுகிறார்கள் அல்லவா? அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பதும் ஒரு தனிச் சாவிதான். வேறுபாடு என்னவென்றால், அங்கே 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது' என்று உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் ஒன்று அடையாளத்தைச் சரிபார்த்துச் சான்று தருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்கீழ் அந்த நிறுவனங்களுக்கு உரிமம் தருவதற்கு மத்திய அரசின் கட்டுப்பாட்டாளர் ஒருவர் இருக்கிறார்.

அதிலும் தவறு நேராது என்று சொல்வதற்கில்லை. அரசின் தேசிய தகவலியல் மையம் வழியாக, கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றுகள் வழங்கப்பட்டிருந்தது 2014 ஜூலையில் கண்டுபிடிக்கப்பட்டு, அவை ரத்து செய்யப்பட்டன. சான்று தருபவரையும் யாராவது சரிபார்க்கத்தான் வேண்டும்.

டோக்கனையும் அதன் பின் எண்ணையும் அலுவலக மேசையில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது உங்கள் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பதற்குச் சமம். உங்கள் பெயரில் விழும் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வாட்ஸ்அப் மட்டும் போதும் என்பவர்களுக்கு

வாட்ஸ்அப்பிலும் இதே பூட்டுதான் இருக்கிறது. 2016 முதல் எல்லாச் செய்திகளும் குறியாக்கத்தோடு போகின்றன. உங்கள் மகனின் பொதுச் சாவியை வாட்ஸ்அப்பின் சர்வரே உங்கள் போனுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதைச் சரிபார்க்க வேண்டுமானால், அவருடைய பெயரைத் தொட்டு 'என்கிரிப்ஷன்' என்பதைத் திறந்தால் 60 இலக்க எண் ஒன்று வரும். இருவர் போனிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

'பாதுகாப்புக் குறியீடு மாறியுள்ளது' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அவர் புதிய போன் வாங்கியிருப்பார். ஆனால் அவருடைய ஓடிபியை ஏமாற்றி வாங்கி வேறொருவர் கணக்கைப் பிடித்தாலும் அதே செய்திதான் வரும். அதன்பின் அந்த எண்ணிலிருந்து 'அவசரம், பணம் அனுப்புங்கள்' என்று கேட்டால், குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: நம் அறக்கட்டளையின் படத்தைப் போட்டுப் புதிய எண்ணிலிருந்து ஒருவர் ஜகாத் கேட்டால், எந்தப் பூட்டும் உங்களைக் காப்பாற்றாது. வழியில் எவரும் படிக்காமல் பூட்டு தடுக்கும். எதிரே இருப்பவர் நல்லவரா என்பதை அது பார்க்காது.

இனி செய்ய வேண்டியவை

நாங்கள் செய்திருப்பவை: புதிய சாவிக்கு இரண்டு ஆண்டுக் காலாவதி போட்டிருக்கிறோம். ரத்துச் சான்றை அச்சிட்டு, சொத்துப் பத்திரங்களோடு இரும்புப் பீரோவில் வைத்திருக்கிறோம். தனிச் சாவியின் நகல் ஒன்று, பாஸ்வேர்டு போட்டு, வேறொரு நிர்வாகியின் வீட்டில் மாடியில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. எங்கள் முகவரியைத் தேடும்போது 2021இல் உருவான சாவி வந்தால் அதைத் தொடாதீர்கள்.

2. எடுத்த சாவியின் 'கைரேகை' என்ற 40 எழுத்து அடையாளத்தைப் பாருங்கள். அலுவலக அறிவிப்புப் பலகையில் நாங்கள் ஒட்டியிருப்பதோடு அதை ஒப்பிடுங்கள். கடைசி நான்கைந்து எழுத்துகள் போதும் என்று விட்டுவிடாதீர்கள், 40ஐயும் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், நீங்கள் ஏற்கெனவே அறிந்த எங்கள் அலுவலகத் தொலைபேசியில் அழைத்தால் படித்துக் காட்டுவோம். அதே மின்னஞ்சலில் கேட்டுச் சரிபார்ப்பது சரிபார்த்தல் ஆகாது.

3. அனுப்பிய பிறகு, திறக்க முடிந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு நாட்களில் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால், வீட்டிலிருந்து யாரையாவது அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இவை எதுவும் புரியவில்லை, கையில் கணினியும் இல்லை என்பவர்கள் தயங்க வேண்டாம். அஸருக்குப் பின் இஷா வரை அலுவலகம் திறந்திருக்கும். காகிதத்தோடு வாருங்கள், முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம். கணினி தெரியாததால் எவருடைய உதவியும் தாமதமாகாது, இன்ஷா அல்லாஹ்.

எங்கள் கவனக்குறைவால் நான்கு நாட்கள் தவித்த அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உங்கள் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைச் சரிவரக் காக்கும் தகுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.